இல்லாத கடைக்கும் ஒரு முதலாளி வேண்டும்

கோணேசர் துணை

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

நாங்கள் இங்கு நலம். இல்லாத கடைகளுக்குப் பெயர் வைத்து நீ கீறி அனுப்பின லோகோக்களை அச்சகத்துக் கொம்பியூட்டரில் பெரிதாகப் போட்டு அம்மாவும் நானும் பார்த்தோம். போனில் "நல்லாயிருக்கு" என்று சொன்னது மனமாரச் சொன்னதுதான். ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. போனில் பேசினால் பாதி விடுபட்டுப் போகும், அதனால் எழுதுகிறேன்.

இல்லாத கடைக்கு லோகோ கீறி என்ன பிரயோசனம் என்று பெரியம்மா கேட்டதை மனதில் வைத்திருக்காதே. 1971 இல் போர்ட்லண்ட் அரச பல்கலைக்கழகத்தில் உன்னைப்போல டிசைன் படித்த கரோலின் டேவிட்சன் 35 டொலருக்கு நைக்கிச் சப்பாத்தின் அந்த வளைகோட்டைக் கீறிக் கொடுத்தபோது, நைக்கி என்ற பெயரில் ஒரு சோடிச் சப்பாத்துக்கூடக் கடைக்கு வந்திருக்கவில்லை. ஆனால் அவவுக்கு முன்னால் கேட்கிறதற்கு ஒரு ஆள் இருந்தார். சப்பாத்தின் பக்கத்தில் பொருந்த வேண்டும், ஓட்டம் தெரிய வேண்டும், அடிடாஸின் கோடுகள் மாதிரி இருக்கக் கூடாது என்று கேட்ட ஆள். உன் கடைகளில் பெயர் இருக்கிறது, கலர் இருக்கிறது, அந்த ஆள்தான் இல்லை பிள்ளை.

திமிங்கிலம் காட்டுகிற படகுச் சேவையை எடுத்துப் பார். நீலத் திமிங்கிலம் தண்ணீரை விட்டு வளைந்து பாய்கிறது. திருக்கடலூரில் எந்தப் படகோட்டியிடம் காட்டினாலும் பாயிறது டொல்பின் என்றுதான் சொல்லுவார். நீலத் திமிங்கிலம் அப்படிப் பாய்வது மிக அரிது. நீண்ட முதுகு, அதன் பின்கடைசியில் சின்னதாக ஒரு செட்டை, நேரே உயர எழும்புகிற மூச்சு, இவைதான் படகிலிருந்து பெரும்பாலும் தெரியும். எண்ணெய்த் திமிங்கிலத்தின் மூச்சோ இடப்பக்கமாக முன்னுக்குச் சரிந்து வரும். இரண்டும் நம் கடலில் வருகின்றன. அந்தச் சரிவை மட்டும் ஒரு கோட்டில் பிடித்தாயென்றால், மற்றப் படகுகளிலிருந்து வேறாகத் தெரிகிற இலச்சினை ஒன்று உனக்குக் கிடைக்கும்.

மேலிருந்து கீழே மங்கிக்கொண்டு போகிற அந்த நீலம் திரையில் கண்ணைப் பறிக்கிறது. பில் புத்தகத்துக்கு ஒரு கலர்தான் என்பது உனக்குத் தெரியும், சின்ன வயதில் என் மேசைக்குக் கீழே இருந்து விளையாடின பிள்ளை நீ. உன் படத்தை ஒரு கலரில் அடித்துப் பார்த்தேன், வால் காணாமல் போயிற்று. முதலில் கறுப்பு மையில் கீறு. கறுப்பில் நிற்காத வடிவத்தைக் கலர் தூக்கி நிறுத்தாது.

கிண்ணியாத் தயிருக்குச் செய்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது, அதனால் அதைப்பற்றித்தான் கூடக் குறை சொல்லப்போகிறேன். சட்டியின் வாயைத் தாளால் மூடி நூலால் கட்டுகிறார்கள் அல்லவா, உன் லோகோ அந்தத் தாளில்தான் வரவேண்டும். மலிவுத் தாள், ஈரம் பட்ட தாள். அதில் மை பரவும். பரவினால் 'ண'வின் சுழிகள் அடைபடும், 'ண்'ணின் புள்ளி எழுத்தோடு ஒட்டிப் போகும். புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்திலிருந்து தள்ளி வை.

இன்னொன்று. ஆங்கிலத்தின் அகலத்துக்குள் அடக்கத் தமிழை இரண்டு பக்கமும் நெருக்கியிருக்கிறாய். நெருக்கினால் நிற்கிற கோடுகள் மெலியும், படுக்கிற கோடுகள் மொத்தமாகவே இருக்கும். எழுத்து நோய் பிடித்ததுபோல ஆகிவிடும். எனக்கு இது மனத்தாங்கலான விஷயம். அந்தத் தயிரை வாங்குகிற சனம் வாசிப்பது தமிழை. அதைப் பெரிதாக நீயே கையால் எழுது, ஆங்கிலம் கீழே ஒதுங்கி இருக்கட்டும். உன் கையெழுத்தின் 'கி' எவ்வளவு வடிவு என்று நீ கவனித்ததே இல்லை.

அடுத்த கடைக்கு நானே முதலாளியாக வருகிறேன். கொட்பே துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் தொழிற்சாலை வைத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள். லொறிக் கதவில் தூரிகையால் எழுத வேண்டும், மீன் பெட்டியில் அச்சு வெட்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும், றப்பர் முத்திரையில் காசுக் குற்றியளவு வட்டத்துக்குள் வர வேண்டும். தமிழும் சிங்களமும் ஒரே உயரம். பென்குவின் வேண்டாம், பனி நட்சத்திரமும் வேண்டாம், நம் ஊரில் அதை யாரும் கண்டதில்லை. விடியமுன் இருட்டில் வருகிற மீனவர் டோர்ச் வெளிச்சத்தில் எங்கள் பெட்டியை அடையாளம் கண்டு எடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் கறுப்பு வெள்ளையில் மூன்று விதமாகக் கீறி அனுப்பு. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்லுவேன், ஏன் என்றும் சொல்லுவேன். அம்மா பருத்தித்துறை வடையும் மிளகாய்த்தூளும் பஸ்ஸில் போட்டு விடுகிறா, நேரத்துக்குப் போய் எடு.

அன்புடன்,
அப்பா