கேரவன் பயணம்: கொடைக்கானல், மன்னவனூர் ஏரி

நண்பர்களே, வணக்கம். போகலாம் போகலாம் என்று பேசிக்கொண்டே இருந்த கேரவன் (படுக்கையும் கழிவறையும் உள்ள வண்டி) பயணம் ஒருவழியாக முடிவாகிவிட்டது. ஜனவரி 23 வெள்ளி இரவு 9 மணிக்கு மஞ்சக்குப்பம் மைதானத்திலிருந்து வண்டி கிளம்பும். விருத்தாசலம், திருச்சி, வத்தலக்குண்டு வழி. திங்கள் குடியரசு தினம், அன்று இரவே கடலூர் திரும்பிவிடலாம், லீவு போட வேண்டியதில்லை.

1. படுக்கை எட்டுதான், வருவதாகச் சொன்னவர்கள் பதினோரு பேர்! முன்பணம் 2,000 ரூபாய் முதலில் அனுப்புபவருக்கே இடம்.
2. மலையேற இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) கட்டாயம். வண்டி எண்ணோடு எத்தனை பேர் என்றும் பதிய வேண்டும், அதனால் கடைசி நேரத்தில் மச்சானையும் கூட்டி வருகிறேன் என்று யாரும் கிளம்பாதீர்கள்.
3. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை. எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.
4. ஸ்வெட்டர், குல்லா. ஜனவரியில் ஏரியோரப் புல்லில் விடிகாலையில் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். நம் ஊர் மார்கழிப் பனியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.
5. வண்டிக் கழிவறை அவசரத்துக்கு மட்டும். தொட்டி சின்னது, நிரம்பினால் காலி செய்யும் வேலை நம் தலையில்தான். கொண்டை ஊசி வளைவுகளில் தயவுசெய்து உள்ளே போக வேண்டாம்.
6. பூம்பாறை தாண்டி மன்னவனூர் சாலை குறுகல். வண்டியை விடுதி வளாகத்தில் விட்டுவிட்டு ஜீப்பில் போகிறோம். காட்டோரம் நிறுத்திப் படுப்பதெல்லாம் கிடையாது.

அப்புறம், மலைப்பாதையில் வாந்தி வருபவர்கள் முன்கூட்டியே சொன்னால் முன் சீட் தரலாம். ஜனவரி 11 ஞாயிறு இரவுக்குள் 'வருகிறேன்' அல்லது 'இல்லை' என்று எழுதுங்கள். வெறும் கட்டைவிரல் எமோஜி போட்டால் கணக்கில் சேர்க்க மாட்டேன்.