தம்பியின் படிப்பும் பட்டாளத்து ஆசையும்

அம்பாசமுத்திரம்,
ஐப்பசி 10.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் கிடைத்தது. மதினிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது அறிந்து மகிழ்ச்சி. இங்கே பிசான நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவிவிட்டு மழையை எதிர்பார்த்திருக்கிறோம். மற்றபடி எல்லோரும் நலம். நீ கேட்டிருப்பது ஒரு பிள்ளையின் வாழ்க்கையைப் பற்றியது என்பதால், இந்தக் கடிதம் முழுவதையும் அதற்கே எழுதுகிறேன்.

பி.காம். சேர்ந்து சில மாதங்களே ஆன உன் வீட்டுப் பிள்ளை, நம் தம்பி, அக்னிவீரர் ஆள்சேர்ப்புக்குப் போவதற்காகப் படிப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்பதாக எழுதியிருந்தாய். உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 1971 போரின்போது மதராஸ் ரெஜிமென்டில் சிப்பாயாக இருந்து, நாயக் பதவியில் ஓய்வு பெற்றவர் அவர். சிப்பாயாகப் போவதில் ஒரு குறைவும் இல்லை என்று சொல்ல அவரைவிட உரிமையுள்ளவர் யார்? ஆனாலும் அவர் சொன்னது, "காலேஜ் வாசலுக்குள்ள போன பிள்ளைய எதுக்கு வெளிய இழுக்கணும்? ஆபீசராப் போகட்டுமே" என்பதுதான். எனக்கும் அதே எண்ணம். அக்னிவீரர்களைச் சேர்க்க 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில், நான்கு ஆண்டுப் பணிக்குப் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக விதி. பட்டப்படிப்பை முடித்தால் அதிகாரியாக நுழையும் வழிகள் திறந்திருக்கும்போது, அவற்றுக்கு அடிப்படையான படிப்பையே விட்டுவிடுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

தம்பிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முப்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். தேர்வு. இறுதியாண்டு மாணவர்களும் இதை எழுதலாம். ஆங்கிலம், பொது அறிவு, கணிதம் மூன்றும் எழுதித் தேறினால் டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமிக்குப் போட்டியிடலாம். நம் சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குக் கணிதத் தாள் தேவையில்லை. டேராடூனில் தேறுபவர்களுக்கு நிரந்தரப் பணி. பரங்கிமலையில் 49 வாரப் பயிற்சி முடித்தவர்களுக்கு முதலில் பத்தாண்டுப் பணி, பிறகு நீட்டிப்போ நிரந்தரமோ. இரண்டாவது வழி, தேசிய மாணவர் படையான என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கான சிறப்பு நுழைவு. என்.சி.சி. சி சான்றிதழில் குறைந்தது பி கிரேடும், பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால் எழுத்துத் தேர்வே கிடையாது. விண்ணப்பங்களைச் சலித்து எடுத்து நேராக எஸ்.எஸ்.பி. எனப்படும் படை அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்முகத்துக்கு அழைக்கிறார்கள்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது இருக்கிறது. சி.டி.எஸ்.ஸைப் பற்றி மூன்றாம் ஆண்டில் யோசித்துக்கொள்ளலாம்; சி சான்றிதழைப் பற்றி அப்படி யோசிக்க முடியாது. இரண்டாம் ஆண்டு முடிவில் பி, மூன்றாம் ஆண்டு முடிவில் சி என்று படிப்படியாக வருவது அது. பாளையங்கோட்டையில் நாம் படித்த காலத்தில், காக்கி உடுப்பில் பரேடு போன பையன்களை வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோமே, நினைவிருக்கிறதா? இறுதியாண்டில் எனக்கு அந்த ஆசை வந்தபோது, வேடிக்கை பார்த்த மூன்று வருடங்களையும் திரும்ப வாங்க முடியவில்லை. தம்பிக்கு அது நேரக்கூடாது. நாளைக்கே அவனுடைய கல்லூரி என்.சி.சி. அலுவலரைப் போய்ப் பார்க்கச் சொல்.

என் மகள் விஷயத்தில் இதைக் கண்ணால் கண்டேன். பி.எஸ்சி. இறுதியாண்டில் சி.டி.எஸ். எழுதித் தேறி, பெங்களூரு எஸ்.எஸ்.பி.க்குப் போனாள். முதல் நாள் மாலையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மங்கலான ஒரு படத்தை முப்பது வினாடி காட்டுவார்களாம். நான்கு நிமிடத்தில் அதற்கு ஒரு கதை எழுதி, அதை வாயால் சொல்லி, பிறகு குழுவாக உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து ஒரு கதைக்கு வர வேண்டும். நான் அவளை ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்த்திருந்தேன். அங்கே மனப்பாடம் செய்யவைத்த கதையை அவள் அந்தப் படத்தின்மேல் ஒட்டவைத்துப் பார்த்தாள், அது ஒட்டவில்லை. குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியபோது இவள் வாயே திறக்கவில்லை. பணம் கட்டி அவளை அங்கே சேர்த்தவன் நான் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

சி சான்றிதழ் கையில் இருந்ததால்தான் அடுத்த வாய்ப்புக்கு அவள் எழுத்துத் தேர்வை மறுபடி எழுத வேண்டியிருக்கவில்லை. எம்.எஸ்சி. படித்துக்கொண்டே சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பித்தாள், அழைப்பும் வந்துவிட்டது. இப்போது பயிற்சி நிலையம் எதுவும் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, எஸ்.எஸ்.பி.யில் வரும் சொல் தேர்வுக்காக நான் சொற்களை வாசிக்கிறேன். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்கிறார். அறுபது சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து வினாடிக்குள் ஒரு வாக்கியம். முதல் நாள் 'பாம்பு' என்றதும், பாம்பைக் கண்டால் பயப்படக்கூடாது என்று, எங்கோ படித்ததைப் போல எழுதினாள். ஒரு மாதம் கழித்து அதே சொல்லைக் கேட்டபோது, பாம்பு வயலில் எலியைக் குறைக்கிறது என்று எழுதினாள். சிறு வயதிலிருந்து எங்கள் வரப்பில் அவள் பார்த்ததுதான் அது. ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருக்கிறது, ஆனால் இப்போது சொல்வது அவளுடைய சொந்தப் பேச்சு. தம்பியும் தமிழ்வழியில் படித்தவன் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன். தினமும் ஓர் ஆங்கிலச் செய்தித்தாளை வாய்விட்டு வாசிக்கட்டும்; ஆனால் யாரோ எழுதிக் கொடுத்த பதிலை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

ஓட்டம், தண்டால் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டாள ஆசை உள்ள பிள்ளை தானாகவே ஓடுவான். மதிப்பெண்ணில் மட்டும் கவனமாக இருக்கச் சொல். பரேடு, முகாம் என்று சொல்லிக்கொண்டு 50 சதவீதத்துக்குக் கீழே போனால் சி சான்றிதழ் இருந்தும் இந்த வழி அடைபட்டுவிடும். வயது உச்சவரம்பையும் கணக்கில் வைத்துக்கொள்: பரங்கிமலைக்கு 25, டேராடூனுக்கு 24. அவனுக்குப் பதினெட்டு என்று எழுதியிருந்தாய், நிதானமாகப் படித்து முடித்தாலும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முயன்று பார்க்க நேரம் இருக்கிறது.

மகள் வருகிற வியாழக்கிழமை இரவு நாகர்கோவில் – பெங்களூரு எக்ஸ்பிரஸில் திருநெல்வேலி சந்திப்பிலிருந்து புறப்படுகிறாள். தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே நீயும் நிலையத்துக்கு வா. முதல் தடவை எங்கே தவறியது என்று அவள் வாயாலேயே அவன் கேட்கட்டும். அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உன்னைப் பார்த்து வெகுநாள் ஆயிற்று என்கிறார்.

உன் அன்புள்ள,
பழைய பெஞ்சுத் தோழன்