பத்து ஆட்டங்களைத் திருப்பித் தர முடியாது; தவறு என்றாவது எழுதிக் கொடுங்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் தலைவர் சார்லி பேக்கர் அவர்களுக்கும், முதற்பிரிவு நிர்வாகக் குழுவினருக்கும்

வணக்கம்.

2025 டிசம்பரில் பேய்லர் பல்கலைக்கழகத்துக்காகக் கூடைப்பந்து ஆட ஜேம்ஸ் என்னாஜிக்கு நீங்கள் தகுதி வழங்கியதுதான் இந்த மடலுக்குக் காரணம். பார்சிலோனாவின் தொழில்முறை அணியில் ஆடியவர் அவர். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2023இல் 31ஆவதாகத் தேர்வானவர். அந்த நைஜீரிய இளைஞர் மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை, நன்றாக ஆடட்டும். ஆனால் தகுதி கொடுத்த சில நாட்களிலேயே, என்பிஏ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு இடமில்லை என்று நீங்களே அறிக்கை விட்டீர்கள். அதாவது, கையெழுத்துப் போட்டிருந்தால் கூடாது, டிராஃப்டில் தேர்வாகியிருந்தால் பரவாயில்லை, ஐரோப்பாவில் சம்பளத்துக்கு ஆடியிருந்தால் கேள்வியே இல்லை. இதுதான் இன்றைய விதி என்றால் இருக்கட்டும். அப்படியானால் 2011இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துக்கு வந்த உக்ரைன் சென்டர் (வளையத்துக்கு அருகே ஆடும் உயரமான வீரர்) ஒலெக்சி லென் செய்த குற்றம் என்ன?

அமெரிக்காவில் அலெக்ஸ் லென் என்று அழைக்கப்படும் அவரைப் பற்றி உங்கள் அலுவலகத்துக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. கோப்பு உங்களிடமே இருக்கிறது. உக்ரைனின் தொழில்முறை அணியோடு தொடர்பு வைத்திருந்தார் என்று முதல் 10 ஆட்டங்களுக்கு அவரைத் தடுத்தீர்கள். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பத்து ஆட்டத் தடை தவறு என்று எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

'தொழில்முறை அணியோடு தொடர்பு' என்ற குற்றச்சாட்டு ஐரோப்பாவில் எவ்வளவு பொருளற்றது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவைப்போல அங்கே உயர்நிலைப் பள்ளிக்கென்று பெரிய கூடைப்பந்து அணி கிடையாது. லுகான்ஸ்க் பகுதியின் அந்த்ராசித் போன்ற சுரங்க ஊரில் ஒரு பையன் இரண்டு மீட்டரைத் தாண்டி வளர்ந்தால், அவனுக்கு இருக்கும் வழி பெரிய நகரத்துக்குப் போவதுதான். லென் போனது அன்று நிப்ரோபெத்ரோவ்ஸ்க் என்றிருந்த நிப்ரோ நகரத்துக்கு. அங்கே விளையாட்டுப் பள்ளியும் கிளப்பும் ஒன்றோடொன்று பின்னியவை. விடுதி, சாப்பாடு, ஷூ, மருத்துவர், வெளியூர்ப் பயணம் எல்லாமே கிளப் வழியாகத்தான் வரும். பையன் நன்றாக ஆடினால் மூத்தோர் அணியில் சில நிமிடம் இறக்குவார்கள். எங்கள் வளாகத்தில் மட்டும் கற்றுக்கொள், சம்பளம் வாங்குகிறவர்கள் நிற்கும் களத்தில் கால் வைக்காதே என்று எந்தப் பயிற்சியாளரும் அவனிடம் சொல்ல மாட்டார்.

இது உங்களுக்கும் தெரிந்தே இருந்தது. அதனால்தான் 2010இலேயே விதியைத் தளர்த்தினீர்கள்: கல்லூரியில் சேர்வதற்கு முன் தொழில்முறை வீரர்கள் உள்ள அணியில் ஆடலாம், ஆனால் உண்மையான, தேவையான செலவுக்கு மேல் வாங்கியிருக்கக் கூடாது. உணவு, தங்குமிடம், சீருடை, பயிற்சி, காப்பீடு, போக்குவரத்து, சிகிச்சை எல்லாம் அந்தச் செலவுப் பட்டியலில் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

சிக்கல் காகிதத்தில் தொடங்குகிறது. உங்கள் தகுதி மையம் கேட்கும் விவரம் ஒவ்வொரு அணிக்கும், ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியாக வேண்டும்: எந்தத் தேதியில் என்ன கையெழுத்திட்டார், யார் என்ன கொடுத்தார்கள், ஏஜென்ட் உண்டா. உக்ரைன் கிளப்பின் கணக்கிலோ விடுதிக் கட்டணமும் கைச்செலவுப் பணமும் ஒரே வரியில் உக்ரைன் நாணயமான ஹ்ரிவ்னாவில் கிடக்கலாம். பதினைந்து வயதுப் பையனுக்காகப் பெற்றோர் போட்ட பயிற்சி ஒப்புதல் கடிதத்தை மொழிபெயர்ப்பாளர் 'ஒப்பந்தம்' என்று எழுதிவிடலாம். வரியைப் பிரித்துக் காட்டும் பொறுப்பு மாணவருடையது. பிரிக்க முடியாவிட்டால் சந்தேகத்தின் பலன் உங்களுக்கு. இன்னொன்றும் உண்டு. உக்ரைனில் பதினோராம் வகுப்போடு, 17 வயதில் பள்ளி முடிந்துவிடும். பள்ளி முடித்து ஓராண்டுக்குள் கல்லூரியில் சேராமல் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தால் தகுதியிலிருந்து ஓர் ஆண்டு கழியும் என்பது உங்கள் விதி. அமெரிக்கப் பையனுக்கு 18இல் ஓடத் தொடங்கும் கடிகாரம் கீவ் பையனுக்கு 17இலேயே ஓடத் தொடங்குகிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. யாரும் யோசிக்கவும் இல்லை.

பத்து ஆட்டம்தானே, அதற்குப்பின் ஆடினாரே என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லலாம். அவர் ஒரு சென்டர் என்பதை மறந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

ஐரோப்பாவில் வளர்ந்த சென்டருக்கு அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் பாதி வேறு விளையாட்டு. சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதியில் பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால், அது வளையத்துக்கு மேலே சுழன்றுகொண்டிருக்கும்போதே தட்டிவிடலாம். உயரமான பையன்களுக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லிக்கொடுக்கும் வித்தை அது. கல்லூரி விதியில் அதையே செய்தால் எதிரணிக்குப் புள்ளி. கை தானாகப் போகும். போகாமல் நிறுத்தப் பழக வேண்டும். வளையத்தின் கீழுள்ள கட்டம் ஃபிபாவில் 4.9 மீட்டர் அகலம், கல்லூரியில் 12 அடி, அதாவது சுமார் 3.66 மீட்டர். முதுகைக் காட்டிப் பந்து வாங்கும் இடம், மூன்று விநாடிக் கணக்கு, சுழன்று எறியும் கோணம் மூன்றும் மாறும். ஃபிபாவில் 24 விநாடிக்குள் எறிய வேண்டும். அன்றைய கல்லூரியில் 35 விநாடி. நேரம் அதிகம் என்பதால், ஒரே தற்காப்பில் இரண்டு மூன்று முறை ஸ்க்ரீனை, அதாவது தற்காப்பவரின் வழியில் எதிரணியினர் நின்று மறிப்பதை, சமாளிக்க வேண்டிவரும்.

எல்லாவற்றையும்விடக் கடினம் பேச்சு. எதிரணி உயரக்காரர் உங்கள் அணியின் கார்டின் (பந்து கொண்டுவருபவரைத் தடுக்கும் வெளிவீரரின்) முதுகுக்குப் பின்னால் வந்து ஸ்க்ரீன் வைக்கிறார். கார்டுக்கு அது தெரியாது, சென்டருக்குத்தான் தெரியும். இடமா வலமா என்று கத்த வேண்டியவர் அவர். அரை விநாடி தாமதித்தால் கார்டு முட்டி நிற்பார். பந்து வைத்திருப்பவர் தடையின்றி உள்ளே வருவார். அவரைத் தடுக்க சென்டர் முன்னேறினால், ஸ்க்ரீன் வைத்தவர் வளையத்தை நோக்கி உருண்டு மேலே பந்தை வாங்கிப் போட்டுவிடுவார். பதறிக் கை நீட்டினால் ஃபவுல். கல்லூரியில் ஐந்து ஃபவுலோடு வெளியே. ஆங்கிலம் அதிகம் தெரியாமல் வந்து இறங்கிய 18 வயதுப் பையன் இதை ஆங்கிலத்தில் கத்திப் பழக வேண்டும்.

பயிற்சிக்கு அனுமதித்தோமே என்பீர்கள். பயிற்சியில் எதிரே நிற்பது தினமும் பார்க்கும் அதே தோழர்கள். எவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பது மனப்பாடம். நடுவரின் விசிலும் கிடையாது. பந்தியில் இலை போட்டு உட்கார வைத்துவிட்டுச் சோறு மட்டும் பரிமாறாமல் விட்டதுபோலத்தான் அது.

நவம்பர், டிசம்பர் ஆட்டங்கள் எதற்கு என்பது எந்தப் பயிற்சியாளருக்கும் தெரியும். லீகுக்கு வெளியே உள்ள அணிகளோடு ஆடித் தவறுகளைச் செய்து தீர்க்கும் காலம் அது. ஜனவரியில், மேரிலாண்ட் அன்று ஆடிய ஏசிசி லீக் தொடங்கிவிட்டால் தவறுக்கு விலை அதிகம். லென் முதன்முதலில் களம் இறங்கியது 2011 டிசம்பர் 28, ஆல்பனிக்கு எதிராக. அந்தப் பருவத்தில் மேரிலாண்ட் ஆடிய 32 ஆட்டங்களில் அவர் ஆடியது 22. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அந்த ஆண்டு ஆட்டத்துக்குச் சராசரி 6.0 புள்ளி, 5.4 ரீபவுண்ட் (தவறிய எறிதலைப் பிடிப்பது). அடுத்த ஆண்டு முதல் ஆட்டத்திலிருந்தே ஆட விட்டபோது என்ன நடந்தது? 2012 நவம்பரில் புரூக்ளினில், நெர்லன்ஸ் நோயெல் நின்ற கென்டக்கிக்கு எதிராக 23 புள்ளி, 12 ரீபவுண்ட், 4 பிளாக் (எதிரணியின் எறிதலைத் தட்டித் தடுப்பது). பருவச் சராசரி 11.9 புள்ளி, 7.8 ரீபவுண்ட். 2013 டிராஃப்டில் ஐந்தாவது தேர்வு.

அந்தப் பத்து ஆட்டங்களால்தான் அவருடைய பிற்காலம் இப்படி ஆயிற்று என்று சொல்ல வரவில்லை. 2013இல் டிராஃப்டுக்கு முன் இடது கணுக்காலிலும் பின் வலது கணுக்காலிலும் அறுவைச் சிகிச்சை நடந்ததற்கு உங்கள் மீது பழி போட்டால் அது அநியாயம். என்பிஏவின் ஃபீனிக்ஸ் அணியில் ஐந்து பருவம். 2017இல் நீண்ட ஒப்பந்தம் அமையாமல் சுமார் 42 லட்சம் டாலர் ஓராண்டு ஒப்பந்தத்தை ஏற்றார். அட்லாண்டாவில் 2018-19இல் மூன்று புள்ளி எறிதலைச் சேர்த்துக்கொண்டு, 11.1 புள்ளியோடு தன் சிறந்த பருவத்தை ஆடினார். பிறகு சாக்ரமென்டோ, டொராண்டோ, வாஷிங்டன், மீண்டும் சாக்ரமென்டோ. 2025 பிப்ரவரியில் மார்க் வில்லியம்ஸ் என்ற சென்டரை எடுக்கும் பரிமாற்றம் ரத்தாகி, சென்டர் இல்லாமல் நின்ற லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அவரை எடுத்தது. அதன்பின் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட். மாற்று சென்டரின் வாழ்க்கை அப்படித்தான்: குறுகிய ஒப்பந்தம், கட்டியபடியே இருக்கும் பெட்டி. அப்படியும் பத்துப் பருவங்களுக்கு மேல் என்பிஏவில் நின்றார். அப்படிப்பட்டவரின் கல்லூரிக் கணக்கு 'தகுதியற்றவர்' என்று தொடங்குகிறது. எங்கள் குறை அதுதான்.

அவர் ஒருவர் மட்டுமா? அதே 2011 ஜனவரியில் துருக்கி சென்டர் எனெஸ் கான்டரை நிரந்தரமாக விலக்கினீர்கள். துருக்கியின் ஃபெனர்பாச்சே கிளப்பிடமிருந்து செலவுக்கு மேல் 33,033 டாலர் வாங்கினார் என்பது குற்றம். அந்தக் கடைசி 33 டாலர்வரை துல்லியமாகக் கண்டுபிடித்த கணக்காளரை மெச்சத்தான் வேண்டும். அதற்கு ஒன்பது மாதம் முன்புதான், 2010 ஏப்ரலில், உங்கள் மார்ச் மாதக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டித் தொடரின் ஒளிபரப்பை 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்றிருந்தீர்கள். பணத்துக்கு ஆடாத அமெச்சூர் தூய்மையைக் காக்க வேண்டிய பொறுப்பு ஆடுகிற பையன்களுக்கு மட்டும்தான் இருந்தது போலும். ஆனால், வீரர்கள் உங்கள் மீது தொடுத்து, 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஹவுஸ் வழக்கு உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு 2025-26இல் 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை நேரடியாகக் கொடுக்க முடிந்தது. கான்டரை வெளியேற்றிய தொகையைப்போல அறுநூறு மடங்குக்கு மேல். அதே உடன்பாட்டின் 280 கோடி டாலர் நிலுவையும் 2016 முதல் ஆடியவர்களுக்குத்தான். லென்னும் கான்டரும் அதற்கு முந்தியவர்கள். தண்டனை மட்டும் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்தப் புதிய பணமும் விளம்பர வருமானமும் எளிதில் கைக்கு எட்டுவதில்லை. எஃப்-1 மாணவர் விசாவில் வளாகத்துக்கு வெளியே வேலை செய்து சம்பாதிப்பது மாணவர் அந்தஸ்துக்கே ஆபத்து. அதனால்தான் கென்டக்கியின் காங்கோ சென்டர் ஆஸ்கார் ஷிப்வே 2022 கோடையில் அணியோடு பஹாமாஸ் போனபோது, தன் விளம்பர வேலைகளை அங்கே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பக்கத்து லாக்கரில் இருப்பவன் வளாக வாசலிலேயே விளம்பரம் எடுக்கிறான். இவனோ கடல் தாண்ட வேண்டும். விசா எங்கள் கையில் இல்லை என்பீர்கள். உண்மைதான், அதை விட்டுவிடுகிறோம்.

உங்கள் கையில் இருப்பதை மட்டும் பணிவோடு கேட்கிறோம். 2011இல் ஒலெக்சி லென் மீது விதித்த பத்து ஆட்டத் தடை இன்றைய விதிப்படி நிற்காது, அன்றும் நியாயமானதல்ல என்று உங்கள் பெயரில் ஒரு பக்க அறிக்கை வெளியிடுங்கள். பணம் கேட்கவில்லை, ஆட்டங்களைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. செலவு விதியைக் காட்டி விலக்கிய மற்ற வெளிநாட்டு வீரர்களின் கோப்புகளையும் அதே கண்ணோடு மீண்டும் பாருங்கள்.

கூடவே, என்னாஜிக்கு எந்த அடிப்படையில் அனுமதித்தீர்கள் என்பதை ஒரு பட்டியலாக வெளியிடுங்கள்: கிளப் சம்பளம் வாங்கியிருந்தால் என்ன, டிராஃப்டில் தேர்வாகியிருந்தால் என்ன, என்பிஏ கோடைக்கால லீக் ஆடியிருந்தால் என்ன, ஒப்பந்தம் போட்டிருந்தால் என்ன, எத்தனை ஆண்டு தகுதி கழியும், விண்ணப்பித்து எத்தனை நாளில் பதில் வரும். நிப்ரோவிலோ கீவிலோ, போர் நடுவே பயிற்சி செய்துகொண்டிருக்கும் அடுத்த ஏழடிப் பையனின் அம்மா படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் அது இருந்தால் நல்லது. பருவம் தொடங்கும் நேரத்தில் அவனுக்கும் ஒரு தடைக் கடிதம் அனுப்பாமல் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்த பருவத்துக்கான தகுதிச் சான்றுகளை வழங்கத் தொடங்குமுன் பதில் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கூடைப்பந்தைத் தமிழில் எழுதியும் பேசியும் வருபவர்கள்