17 சென்டிமீட்டர் கம்பி

ஆனைமலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள், அதனால் உடனே எழுத முடியவில்லை. வேர் வாடல் கண்ட தென்னைகளில் பன்னிரண்டை வெட்டிவிட்டோம். அப்பா தன் கையால் வைத்த மரங்கள். அன்றைக்கு அவர் களத்துப் பக்கமே வரவில்லை.

அப்புறம், உன் பிக்கப் வேன் அலாரம். ரிமோட் பத்தடிக்குள்தான் வேலை செய்கிறது என்று எழுதியிருந்தாய். போன மாதம் வரை எனக்கும் இதே பாடுதான். பக்கத்துத் தோட்டத்தில் ராத்திரியோடு ராத்திரியாக டெம்போ பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனதிலிருந்து அப்பாவுக்குத் தூக்கமில்லை. "வண்டியைப் பூட்டினாயா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் டார்ச்சோடு தகரக் கொட்டகை வரை போய்ப் பூட்டிவிட்டு வருவேன்.

முதலில் ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டேன். கொஞ்சம்தான் கூடியது. வண்டிக்குள் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரின் ஆண்டெனா ஒயர் நீளமாக இருந்தால் நல்லது என்று நினைத்து ஒரு மீட்டர் ஒயரைச் சேர்த்தேன், முன்பைவிட மோசமானது. நீளம் அலைவரிசைக்குப் பொருந்த வேண்டும், மாப்ளே. என் ரிமோட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே சின்ன உலோக வில்லையில் ஆர்433 என்று இருந்தது. அதாவது 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அந்த அலையின் நீளம் சுமார் 69 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, 17.3 சென்டிமீட்டர், அதுதான் கம்பியின் அளவு. உன்னுடையது ஆர்315 என்றிருந்தால் 23.8 வரும், ஏறக்குறைய ஒரு சாண்.

ஆனால் உண்மையான கோளாறு வேறு. ரிசீவரின் ஒயரை டேஷ்போர்டுக்குள் சுருட்டி, இரும்புக்கு நடுவே திணித்திருந்தார்கள். சுற்றிலும் தகடு இருந்தால் அலை எப்படி உள்ளே போகும்? மெல்லிய ஆர்ஜி 174 கேபிள் வாங்கி, நடுக்கம்பியை ரிசீவரின் ஆண்டெனா புள்ளியிலும், மேலே சுற்றியிருக்கும் வலையை அதே போர்டின் எர்த்திலும் சால்டர் வைத்தேன். இந்த எர்த்தை விட்டுவிடாதே, விட்டால் கேபிள் முழுதும் ஆண்டெனாவாகிக் குழப்பும். கேபிளை முன்கண்ணாடி ஓரம் வரை கொண்டுபோய், அங்கே வலையை வண்டி பாடியோடு சேர்த்துவிட்டு, 17.3 சென்டிமீட்டர் நடுக்கம்பியை மட்டும் உறையோடு கண்ணாடி ஓரத்தில் நேராக நிறுத்தி ஒட்டினேன். கண்ணாடிக்குப் பக்கத்து இரும்புத் தூணிலிருந்து நாலு விரல் தள்ளி ஒட்டு, பார்வையையும் மறைக்கக் கூடாது. கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம் இருந்தால் பலன் கிடைக்காது.

அப்படியும் தூரம் குறைந்தால் மொபைல் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பார். மட்டமான சார்ஜர் கிளப்பும் இரைச்சலில் ரிமோட்டின் சிக்னல் அமுங்கிப்போகும். என் வண்டியில் அதுவும் ஒரு காரணம். ரிமோட்டின் பவரைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடு. 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் லைசென்ஸ் இல்லாமல் 10 மில்லிவாட்டுக்குத்தான் அனுமதி.

இப்போது சாளை (தோட்டத்து வீடு) திண்ணையிலிருந்தே பூட்டுகிறேன். கொட்டகைக்குள் இருந்தாலும் சத்தம் கேட்கிறது, அப்பாவும் கட்டிலில் படுத்தபடியே கேட்டுக்கொள்கிறார்.

உன் ரிமோட்டில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து எழுது. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வேனோடு வந்துவிடு, அரை நாளில் முடித்துவிடலாம். தங்கச்சியையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வா, இளநீர் இன்னும் மிச்சமிருக்கிறது.

அன்புடன்,
சுப்பு