அச்சுக்குப் பெயர் இல்லாத வரைபடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று, கடலூருக்கு அருகே உள்ள கடலோர ஊராட்சி ஒன்றில் நடந்த கிராமசபைக் கூட்டத்துக்குச் சென்றிருந்தேன். அங்கே சுவரில் ஒரு வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். தலைப்பில் 'நிலத்தடி நீர்மட்டம்' என்று மட்டும் இருந்தது. இடப்பக்கம் 0 முதல் 12 வரை எண்கள், கீழே ஆண்டுகள், நடுவே சிறு ஏற்ற இறக்கங்களுடன் மேல்நோக்கிச் செல்லும் ஒரு நீலக்கோடு. வேறு ஒரு சொல்லும் இல்லை. என் பக்கத்தில் நின்ற முதிய விவசாயி அதைப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க சார், தண்ணி ஏறிக்கிட்டுதான் வருது" என்று நிம்மதியாகச் சொன்னார். உண்மையில் அந்தக் கோடு, கண்காணிப்புக் கிணற்றில் தண்ணீர் தரைமட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்பதைக் காட்டுவது. கோடு ஏறினால் தண்ணீர் இறங்குகிறது என்று பொருள்.

வரைபடத்தைக் கொண்டுவந்திருந்த ஊழியரிடம் கேட்டேன். "அது ஆழம்தான் சார், கம்ப்யூட்டர்ல போட்டா இப்படித்தான் வருது" என்றார். அவர் மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆனால் அந்த ஒரு பதிலில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அரசுப் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் நான். பத்தாம் வகுப்பு மாணவர் வரைபடத்தாளில் கோடு போடும்போது, வலது மேல் மூலையில் அளவுத்திட்டம் எழுத வேண்டும், இரு அச்சுகளிலும் பெயரும் அம்புக்குறியும் இட வேண்டும், குறித்த புள்ளிகளுக்கு அருகே அவற்றின் மதிப்புகளை எழுத வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். எழுதாவிட்டால் மதிப்பெண்ணையும் குறைக்கிறோம். அதே மாணவர் கல்லூரிக்கோ அலுவலகத்துக்கோ போய்க் கணினியில் வரையத் தொடங்கியதும் இவை அத்தனையும் காணாமல் போய்விடுகின்றன. கையால் வரையும்போது ஒவ்வொன்றையும் தானே எழுத வேண்டியிருந்தது. கணினி வரைந்து கொடுக்கும் படமோ பார்வைக்கு முடிந்துபோனதாகத் தெரிவதால், எழுத வேண்டியது பாக்கி இருக்கிறது என்ற எண்ணமே வருவதில்லை.

எக்செல்லில் எண்களைத் தேர்ந்தெடுத்து வரைபடம் போட்டால் பெரும்பாலும் அச்சுகளின் பெயர் வராது. படத்தின் வலப்பக்கம் தோன்றும் கூட்டல் குறியை அழுத்தி, அச்சுத் தலைப்புக்கான கட்டத்தில் 'டிக்' போட்டு, பெயரை நாமே தட்டச்சிட வேண்டும். நெடுவரிசைக்குத் தலைப்பு கொடுக்காமல் விட்டால் கோட்டின் பெயர் 'சீரிஸ் 1' என்றே நிற்கும். ஆராய்ச்சி மாணவர்கள் பயன்படுத்தும் வரைபட மென்பொருளான க்னூபிளாட்டில், நாம் தலைப்புத் தராவிட்டால், தரவுக் கோப்பின் பெயரும் நெடுவரிசை எண்களுமே படத்தின் மூலையில் அச்சாகிவிடும். பைதான் நிரல்மொழியில் வரைபடம் போட உதவும் மேட்பிளாட்லிப்பும் கேட்டால் ஒழிய அச்சுக்குப் பெயர் இடாது. எண்கள் மிகப் பெரியவையாக இருந்தால் பத்தின் அடுக்கை மட்டும் அச்சின் நுனியில் சிறிய எழுத்தில் ஒதுக்கி வைத்துவிடும், படத்தை வெட்டி ஒட்டும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். மென்பொருளுக்கு எண்கள் தெரியும். அவை மீட்டரா அடியா, ஆழமா உயரமா என்பது அளந்தவருக்கு மட்டுமே தெரியும். ஆகவே 'கம்ப்யூட்டர் இப்படித்தான் போடுகிறது' என்ற பதிலை ஏற்பதற்கில்லை.

அலகு எழுதாததால் வரும் குழப்பத்துக்கு எங்கள் பகுதியிலேயே தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. கடலோரக் கிணறுகளில் உவர்ப்பு ஏறுவது இங்கே வீட்டுக்கு வீடு பேசப்படும் கவலை. எங்கள் தெருவைச் சேர்ந்த முதுகலை மாணவி ஒருவர் தம் ஆய்வுக்காக முப்பதுக்கும் மேற்பட்ட கிணறுகளின் நீரைச் சோதித்து, வரைபடமாக்கி என்னிடம் காட்டினார். செங்குத்தாக நிற்கும் நிலை அச்சில் 'உவர்ப்பு' என்று மட்டும் எழுதியிருந்தார். ஒரு புள்ளி 2,400-இல் நின்றது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, குடிநீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. அந்த 2,400 மில்லிகிராம் என்றால் எந்த நிலையிலும் குடிக்கத் தகாத தண்ணீர். ஆனால் அவர் அளந்தது மின்கடத்துதிறன், அதாவது தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பது; கரைந்த உப்பு கூடினால் அதுவும் கூடும். அதன் அலகு சென்டிமீட்டருக்கு மைக்ரோசீமன்ஸ். அதை ஏறக்குறைய 0.65-ஆல் பெருக்கினால்தான் திடப்பொருளின் அளவு கிடைக்கும். அப்படிப் பார்த்தால் சுமார் 1,560 மில்லிகிராம், அதாவது வேறு வழியில்லாதவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள். ஒரே புள்ளி, ஒரே எண். அலகு எழுதப்படாததால் ஒரு கிணற்றை மூடுவதா வேண்டாமா என்பதே மாறிப்போகக்கூடும்.

அதே படத்தில் புள்ளிகளுக்கு ஒன்று முதல் வரிசை எண்களை இட்டிருந்தார். நெருக்கமாக இருந்த இடத்தில் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கறுப்புத் திட்டாகத் தெரிந்தன. எல்லாப் புள்ளிக்கும் பெயர் வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டியவற்றுக்கும் கூட்டத்திலிருந்து விலகி நிற்பவற்றுக்கும் மட்டும், கிணறு இருக்கும் தெருவின் பெயரைப் புள்ளியிலிருந்து சற்றுத் தள்ளி எழுதி, தேவையானால் மெல்லிய கோட்டால் இணைக்கலாம் என்று சொன்னேன். எக்செல்லின் 2013 பதிப்பிலிருந்து, புள்ளியின் குறிப்புக்கு வேறு கட்டங்களில் உள்ள பெயர்களையே எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஒரு மாலைப்பொழுதில் திருத்தி முடித்துவிட்டார். தம் தெருவின் பெயரை அதில் பார்த்த அவருடைய அம்மா, முதல் முறையாக அந்த ஆய்வைப் பற்றி விவரம் கேட்டாராம்.

நாள் குறிப்பதிலும் கவனம் தேவைப்படுகிறது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை பதிவானது. வானிலைத் துறையின் நாள்மழை என்பது காலை 8.30 மணியுடன் முடியும் 24 மணி நேரத்தின் கணக்கு என்பதால், அந்த மழை டிசம்பர் 1-ஆம் தேதியின் கணக்கில் வரும். அச்சில் வெறுமனே 'தேதி' என்று எழுதினால், நவம்பர் 30 அன்று வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர் படத்தைத்தான் சந்தேகப்படுவார். 'காலை 8.30 மணியுடன் முடியும் நாள்' என்று எழுதிவிட்டால் போதும். செ.மீ. என்றோ மி.மீ. என்றோ குறிக்காவிட்டால் கணக்கு பத்து மடங்கு மாறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் எழுத முடியவில்லை என்ற காரணமும் அடிக்கடி சொல்லப்படுகிறது. அதில் ஓரளவு உண்மை உண்டு. மேட்பிளாட்லிப்பின் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லாததால் வெறும் கட்டங்கள் வரும். தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும், நான் பயன்படுத்திய பதிப்பில் 'வெப்பநிலை' என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'லை'யின் கொம்பும் அப்படியே. அதைப் பார்த்துத்தான் பலர் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஆனால் க்னூபிளாட்டில் கெய்ரோ என்னும் வரைகலை நிரல் நூலகத்தின் வழியாகப் படத்தைப் பெற்றால் தமிழ் எழுத்துகள் சரியாக அமைகின்றன. எக்செல் போலவே இயங்கும், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும் தடையில்லை. வழி இருக்கும்போது, கிராமசபையில் வைக்கும் படத்தில் 'தரைமட்டத்திலிருந்து ஆழம், மீட்டரில்' என்று தமிழில் எழுதுவதே முறை.

ஆழம் காட்டும் படங்களுக்கு இன்னொன்றும் செய்ய வேண்டும். நிலை அச்சைத் தலைகீழாக்கி, 0 மேலேயும் 12 கீழேயும் வருமாறு அமைக்க வேண்டும். எக்செல்லில் அச்சின் அமைப்புக்குள் போய் மதிப்புகளைத் தலைகீழ் வரிசையில் காட்டும்படி ஒரு கட்டத்தைத் தேர்ந்தால் போதும். அப்போது கிடை அச்சு படத்தின் உச்சிக்குப் போய்விடும். அதுவே தரைமட்டமாகத் தோன்றுவதால் பார்ப்பவருக்கு இன்னும் எளிது. அந்த ஊராட்சியின் படத்தை இவ்வாறு வரைந்து, அதே விவசாயியிடம் எடுத்துச் சென்று காட்டினேன். நான் விளக்குவதற்கு முன்பே, "எறங்கியில்ல போவுது" என்றார்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளையில் வருவதால், சிவப்புக் கோடு கடலூர், நீலக்கோடு புதுச்சேரி என்று வண்ணத்தால் பிரித்த படங்களில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடுகின்றன. வண்ண விளக்கத்துக்குப் பதிலாக ஊர்ப் பெயரைக் கோட்டின் முனையிலேயே எழுதச் சொல்லுங்கள். அரசுத் துறைகளிலிருந்தோ கல்லூரிகளிலிருந்தோ அச்சுப் பெயரும் அலகும் இல்லாத படம் வந்தால், அச்சிடுவதற்கு முன் அனுப்பியவரிடம் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டுகிறேன். மாவட்ட நிர்வாகமும் அடுத்த கிராமசபைக்கு முன், பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் வரைபடங்களில் அச்சின் பெயர், அலகு, அளந்த இடம், அளந்த காலம் ஆகியவற்றைத் தமிழில் எழுத வேண்டும் என்று தன் அலுவலகங்களுக்கு அறிவுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.