குறைந்த செலவா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த சமச்சீரற்ற போர் பற்றிய கட்டுரையை இருமுறை படித்தேன். எளியவர் ஒளிந்திருந்து அடித்துவிட்டு ஓடுவார், வலியவர் களைத்துப்போவார், இது ‘குறைந்த செலவுப் போர்’ என்கிறது கட்டுரை. முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தக் கடைசிச் சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. வியட்நாமியர்கள் பிரெஞ்சுக் காலனிப் படையை வென்ற இடம் என்று கட்டுரையே உதாரணம் காட்டும் தியன் பியன் பூவில் யாரும் ஓடவுமில்லை, செலவும் குறையவில்லை.

வியட்நாமின் வடமேற்கில், மலைகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படை விமான ஓடுதளத்தை நம்பி முகாமிட்டிருந்தது. எதிரியால் அந்த மலைகளில் கனரகப் பீரங்கிகளை ஏற்றி நிலைநிறுத்த முடியாது என்பது அதன் கணக்கு. வியட்நாமியர்கள் சீனா தந்த 105 மி.மீ. பீரங்கிகளைக் கயிறு கட்டிக் கையால் இழுத்து ஏற்றினார்கள். 1954 ஜனவரி இறுதியில், தாக்குதலுக்கு எல்லாம் தயாரான நேரத்தில், தளபதி வோ நுயென் கியாப் (அவரும் வரலாற்று ஆசிரியராக இருந்தவர்தான்) ஏற்பாடு போதாது என்று நிறுத்திவிட்டார். ஏற்றிய பீரங்கிகளை இறக்கச் சொன்னார். இறக்கும்போது கயிறு அறுந்து உருண்ட ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கியைத் தடுக்க, அதன் சக்கரத்துக்கு அடியில் தன் உடலையே கொடுத்து ஒரு வீரர் இறந்தார். அப்போது போர் தொடங்கக்கூட இல்லை. புதுப் பாதை வெட்டி, மலைச்சரிவில் குழி குடைந்து, மறுபடி ஏற்றி, மார்ச் 13இல்தான் முகாமைத் தாக்கினார்கள். ஓடுதளம் முடங்கியது. மே 7இல் முகாம் வீழ்ந்தது.

அந்தப் போரின் பழைய புகைப்படம் ஒன்றை வகுப்பில் காட்டுவேன். ஒரு சைக்கிள், அதன் இருபுறமும் அரிசி மூட்டைகள். கைப்பிடியில் ஒரு நீள மூங்கில், இருக்கைக்குப் பின்னால் நிமிர்த்திக் கட்டிய இன்னொரு கழி. “எங்கே உட்கார்ந்து மிதிப்பது, ஐயா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். மிதிப்பதற்கு இல்லை; மூங்கிலைப் பிடித்துத் திருப்ப வேண்டும், கழியைப் பிடித்துத் தள்ள வேண்டும். 200 கிலோவுக்கு மேல் ஏற்றி, விமானக் குண்டுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில், மலைப்பாதையில் தள்ளிக்கொண்டு போனார்கள். இப்படிச் சுமந்தும் தள்ளியும் உழைத்தவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். பலர் பெண்கள். போர்க்களத்தில் மாண்டவர்களும் வென்ற தரப்பில்தான் அதிகம்.

கட்டுரையாளர் தளபதிகளைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறார். சுமந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த பகுதியில் அவர்களுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்