சங்கிலியை எங்கே கொழுவப் போகிறாய்?

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா எழுந்து முற்றம் வரை நடக்கிறார் என்று நீ எழுதிய வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே மூத்தவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. எனக்குப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையோடு பொழுது போகிறது. செட்டிகுளத்துக் காணியில் நாம் கன்றாக நட்டுத் தண்ணீர் சுமந்து ஊற்றிய தேக்குகள் வெட்டும் பருவத்துக்கு வந்துவிட்டன என்றதும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

விலைக்கு வந்திருக்கும் இரண்டு பழைய உழவு இயந்திரங்களில் எதை வாங்குவது என்று கேட்டிருந்தாய். உன் மனம் புது நீலப் பூச்சுப் பூசிய ஃபோர்ட் 5000 பக்கம் சாய்ந்திருப்பது எழுத்திலேயே தெரிகிறது. நான் அந்த நிறம் மங்கிய மாசி பெர்குசன் 135ஐத்தான் வாங்கச் சொல்லுவேன். உனக்கு இருப்பது ஐந்து ஏக்கர். கொஞ்ச உழவு, தண்ணீர்த் தாங்கி, இடைக்கிடை மரக்குற்றி, அவ்வளவுதானே? 12 அடி நீளமும் 4 அடி சுற்றளவும் உள்ள பச்சைத் தேக்குக் குற்றி 400 கிலோவுக்குச் சற்று மேலே வரும். அதை இழுக்க 135இன் 45 குதிரைவலு தாராளம். ஃபோர்ட் நல்ல இயந்திரம்தான், ஆனால் உன் வேலைக்கு மிஞ்சிய பாரம். ஈர மண்ணை அழுத்திக் கெடுக்கும், டீசலும் கூடக் குடிக்கும்.

135 செய்வதை 1970களிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அதன் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் இன்ஜினுக்கு லைனர், பிஸ்டன், கிளட்ச் தட்டு எது கேட்டாலும் எங்கள் தெருவில் எடுத்துவிடலாம். அதே வம்சத்து இயந்திரங்களைச் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடர்ந்து செய்துவந்ததுதான் காரணம். பழைய இயந்திரம் வாங்குபவனுக்கு இதைவிடப் பெரிய பலம் வேறில்லை.

பார்க்கப் போகும்போது விடியற்காலையில் போ. போனவுடன் பேச்சுக்கு முன் இன்ஜினில் கையை வை. சூடாக இருந்தால் உனக்காக முன்பே இயக்கி வைத்திருக்கிறார்கள். குளிரில் அது எப்படிக் கிளம்புகிறது என்பதை நீ பார்க்கக் கூடாது என்று நினைக்கிறார்கள். தொடக்கத்தில் வெள்ளைப் புகை வந்து அடங்கினால் பரவாயில்லை. நீலப் புகை நின்றுகொண்டே இருந்தால் எண்ணெய் எரிகிறது. அடுத்து கியர்ப் பெட்டி எண்ணெயைத் தொட்டுப் பார். பால்தேநீர் நிறத்தில் இருந்தால் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. இதில் ஹைட்ரோலிக் பம்பும் அதே எண்ணெய்க்குள்தான் கிடக்கிறது, மறந்துவிடாதே. பின்கைகளில் பாரமான கலப்பையைத் தூக்கிவைத்து இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு தேநீர் குடி. மெல்ல இறங்கினால் பேரம் பேசலாம். பொத்தென்று விழுந்தால் செலவு காத்திருக்கிறது. பிரேக் மிதிகள் இரண்டையும் தனித்தனியே மிதித்துப் பார். பின் டயர்களின் பக்கச் சுவரில் வெடிப்புகள் இருந்தால் அதையும் விலையில் கழி.

இனி சொல்வதுதான் முக்கியம். கோயிலுக்குப் பின்னால் பாலை மரக் குற்றி இழுத்த நாள் உனக்கு மறந்திருக்காது. சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே இருக்கும் மேற்கையின் பூட்டில் கொழுவியிருந்தார்கள். குற்றியின் முனை ஒரு வேரில் இடறி நின்றது. பின்சில்லுகள் உருள வழியில்லாமல் இயந்திரமே அச்சைச் சுற்றிப் பின்னால் எழும்பியது. முன்சில்லுகள் நம் நெஞ்சு உயரத்துக்கு வந்து காற்றில் சுழன்றதை நான் இன்றும் கனவில் காண்கிறேன். சாரதியின் கால் தற்செயலாகக் கிளட்ச்சில் இருந்ததால் அந்த மனிதர் தப்பினார். கவிழ நினைத்தால் ஒரு கணம் போதும், யோசிக்க நேரம் இருக்காது. இந்தப் பழைய இயந்திரங்களில் தலைக்கு மேல் பாதுகாப்புச் சட்டமும் பெரும்பாலும் இருக்காது.

ஆகவே பின் அச்சுக்குக் கீழே உள்ள இழுவைச் சட்டத்தில் மட்டும் கொழுவு. வேறெங்கும் கூடாது. குற்றியின் முன்முனையைக் கோடரியால் சீவி உருண்டையாக்கிவிட்டால் மண்ணில் குத்தாது. இயந்திரத்தின் முன்பக்கம் பாரம் கட்டு. சிறிய கியரில் கிளட்ச்சை மெல்ல விடு. தம்பியின் மகன் ஓட்டப் போகிறான் என்று எழுதியிருந்தாய். இந்தப் பத்தியை அவனுக்கு வாசித்துக் காட்டு.

பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அடிச்சட்ட இலக்கமும் புத்தகத்தோடு பொருந்த வேண்டும். தேக்கைக் காணிக்கு வெளியே ஏற்றுவதென்றால் அனுமதிப்பத்திரம் எடுத்த பிறகே ஏற்று.

வருகிற பௌர்ணமிப் போயா விடுமுறைக்குக் கடை பூட்டியிருக்கும். முதல்நாள் தலைமன்னார் ரயிலில் ஏறி வந்துவிடுகிறேன். அதுவரை முற்பணம் கொடுக்காதே. நாம் காலையில் வருவதையும் விற்பவரிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
உன் மச்சான்